வாசிப்புக் குறிப்பேடு: ஓராண்டு எழுதிப் பார்த்த பின்

சென்ற ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இனி ஒரு நூல்கூட வாங்குவதில்லை என்ற உறுதியோடு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தின் வெளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சிறிய அரங்கின் முகப்பு மேசையில் அடுக்கி வைத்திருந்த, வாசிக்கும் நூல்களைப் பற்றி எழுதிவைப்பதற்கான இந்தக் குறிப்பேடு கண்ணில் பட்டது. நூல் வாங்குவதில்லை என்றுதானே உறுதி, குறிப்பேடு அந்தக் கணக்கில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, 350 ரூபாய் விலையில் வழக்கமான 10 விழுக்காடு கழிவு போக 315 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். வாங்கிய கையோடு மதிப்புரை எழுதியிருந்தால் அட்டையைப் பற்றி மட்டுமே எழுதியிருக்க முடியும் என்பதால், ஓராண்டு முழுவதும் எழுதி நிரப்பி, சில தாள்கள் கழன்றுபோவதையும் பார்த்துவிட்டு, இப்போது இதை எழுதுகிறேன். வெளியிட்டவர்கள் கணவனும் மனைவியுமாக இருவரே நடத்தும் சிறு பதிப்பகத்தார்; குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதுபோன்ற குறிப்பேடு எதை வாங்கினாலும் எவற்றைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவக்கூடும்.

டெமி என்னும் நடுத்தர நூல் அளவு, கெட்டி அட்டை, 160 பக்கங்கள், அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடா. தொடக்கத்தில் ஆண்டு இலக்கை எழுதும் பக்கம்; அதற்கு எதிரில் 52 நூல்களின் முதுகுகள் வரையப்பட்ட ஓர் அலமாரிப் படம், ஒரு நூல் முடிந்தால் ஒரு முதுகுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். அடுத்து நூலுக்கு எதிரெதிரே இரண்டு பக்கம் என்ற கணக்கில் 104 பக்கங்கள், மாதத்துக்கு ஒரு பக்கமாகப் பன்னிரண்டு, வாங்க வேண்டியவை, இரவல் கொடுத்தவை என்ற பட்டியல்கள், கடைசியில் கோடு போட்ட வெற்றுத் தாள்கள்.

இலக்குப் பக்கத்தில் ஒரே வாக்கியம்தான்: ‘இந்த ஆண்டு நான் ......... நூல்களை வாசிப்பேன்.’ மாதத்துக்கு மூன்று என்று கணக்கிட்டு 36 என்று எழுதினேன். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு வாரத்தில் ஆறு நாளும் மின்ரயிலில் போய்வருபவன் நான். ஒரு வழிக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம், உட்கார இடம் கிடைத்தால் மடியில் நூல், கிடைக்காவிட்டால் ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் நூலும். ஆகவே 36 என்பது எனக்குப் பேராசையாகத் தோன்றவில்லை. எதை ஒன்று என்று எண்ணுவது என்ற இடத்தில்தான் கணக்கு இடித்தது.

பொங்கலுக்கு மறுநாள் குறுந்தொகையைத் தொடங்கினேன். இரவில் மூன்று பாடல், சில நாள் நான்கு, உரையோடு. நானூறு பாடல்களும் முடியும்போது மே மாதம் பாதி கடந்திருந்தது. நான்கு மாத இரவுகளுக்கு அலமாரிப் படத்தில் கிடைத்தது ஒரே ஒரு முதுகு. அதே காலத்தில் ரயிலில் பொன்னியின் செல்வனை மூன்றாம் முறையாக வாசித்தேன். அது ஐந்து பாகம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன, ஒருவர் ஐந்து தொகுதிகளாகத் தருகிறார், இன்னொருவர் தலையணை போன்ற ஒரே கட்டாகத் தருகிறார். என்னிடம் இருப்பது ஐந்து தொகுதி என்பதால் ஐந்து முதுகுகளைத் தீட்டினேன். ஒரே கட்டை வாங்கிய நண்பர் அதே கதையை அதே நாட்களில் முடித்துவிட்டு ஒன்றுதான் தீட்டியிருப்பார். வாசகன் எத்தனை நூல் வாசித்தான் என்பதைக் கட்டுநர் முடிவு செய்யும் இந்த வேடிக்கை ஒருபுறம் இருக்க, 26 நாவல்கள் கொண்ட வெண்முரசை ஒருவர் ஓராண்டில் முழுவதுமாக முடித்தால்கூட இந்த அலமாரியில் சரிபாதிதான் நிறையும் என்பதை எண்ணிப் பார்த்தபோது, அந்தப் படத்தின்மீது எனக்கிருந்த மரியாதை கணிசமாகக் குறைந்தது.

நூல் எண்ணிக்கைக்குப் பதிலாகப் பக்கக் கணக்கு வைக்கலாமே என்று கேட்கலாம். மாதப் பக்கத்தின் அடியில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் எழுத்தின் அளவும் வரிகளின் இடைவெளியும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், ஒரே நாவல் ஒருவரிடம் 320 பக்கமாகவும் மற்றவரிடம் 410 பக்கமாகவும் இருக்கக்கூடும். 2016 இறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியதிலிருந்து நான் அதிலும் வாசிக்கிறேன். அங்கே கண்ணாடியை மறந்து வைத்துவிட்ட நாளில் எழுத்தைப் பெரிதாக்கினால் திருப்பும் பக்கங்களும் கூடிவிடுகின்றன. இரண்டு மாதம் பக்கக் கணக்கு எழுதிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

வாசித்ததைப் பதிந்துவைக்கக் கைப்பேசிச் செயலி இருக்கும்போது காகிதம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. 2007இல் தொடங்கி 2013இல் அமேசான் வசம் வந்த குட்ரீட்ஸ், 2011 முதல் ஆண்டு வாசிப்பு இலக்கு வைக்கும் வசதியைத் தருகிறது. முடித்த தேதியைப் பதிந்தால் எண்ணிக்கை தானே ஏறும், ஆண்டின் அந்த நாளில் எத்தனை நூல் முந்தியிருக்கிறோம் அல்லது பின்தங்கியிருக்கிறோம் என்பதும் தெரியும். ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு செயலியில் பக்கங்களிலும் ஒலிநூல் மணிகளிலும்கூட இலக்கு வைக்கலாம், கால் நட்சத்திரம் வரை துல்லியமாக மதிப்பெண் தரலாம். தேடுவதற்கும் கூட்டிக் கழித்துக் காட்டுவதற்கும் செயலிக்கு முன்னால் காகிதம் நிற்காது. சென்ற மார்ச்சில் வாசித்த ஒரு நூலின் குறிப்பைக் கண்டுபிடிக்க நான் குறிப்பேட்டை முன்னும் பின்னுமாக மூன்று முறை புரட்டியிருக்கிறேன். ஆனால் செயலியில் நூலை எளிதில் தேடிப் பதிய உதவும் சர்வதேசத் தர நூல் எண் (ஐ.எஸ்.பி.என்.) 1970இல்தான் நடைமுறைக்கு வந்தது. திருவல்லிக்கேணி நடைபாதையில் நான் வாங்கும் பழைய நூல்களில் பாதிக்கு அந்த எண்ணே கிடையாது, பட்டைக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டிப் பதிவதற்கு அட்டையே இல்லாதவையும் உண்டு. குறிப்பேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தலைப்பை எழுதினால் போதும்.

ஜூன் முடிவில் 18 இருக்க வேண்டிய இடத்தில் என் எண்ணிக்கை 11. அந்த வாரத்தில் ஊரிலிருந்து வந்திருந்த அக்காவின் ஆறு வயது மகன், மேசைமேல் கிடந்த குறிப்பேட்டைத் திறந்து, வண்ணப் பென்சிலால் மேலும் ஒன்பது முதுகுகளைத் தீட்டி முடித்துவிட்டு, ‘மாமா, எல்லாம் வெள்ளையா இருந்துச்சு, அதான் நானே அடிச்சுட்டேன்’ என்றான். படத்தின்படி நான் இரண்டு நூல் முந்தியே போய்விட்டேன். சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கள் கிளை நூலகத்தில் நான் செய்த காரியத்தைப் பார்க்கும்போது, பையன் செய்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. அலமாரியின் முன்னால் நின்று, தலைப்புகளை வாசிக்காமல், முதுகுகளின்மீது விரலை ஓட்டி, மெலிந்தவையாகப் பார்த்து உருவிக்கொண்டிருந்தேன். ஜூலையில் அப்படி ஆறு நூல்கள், ஒன்றும் 100 பக்கத்தைத் தாண்டாதவை. எண்ணிக்கை 17 ஆயிற்று.

இந்த ஆறு நூல்களின் கதி என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்கு முன், நூலுக்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் முழுவதும் முடித்த அன்று நிரப்ப வேண்டியது: தொடங்கிய நாள், முடித்த நாள், அச்சா மின்னூலா ஒலிநூலா, ஐந்து நட்சத்திரங்கள், பிறகு ஆறு கேள்விகள். கேள்விகளில் பாதி ஆங்கிலக் குறிப்பேடு எதிலிருந்தோ அப்படியே இறக்கிவைத்தவை என்பது படித்தவுடன் தெரிகிறது. ‘இந்த நூலின் எந்தக் கதாபாத்திரத்தோடு உங்களைத் தொடர்புபடுத்திக்கொள்கிறீர்கள்?’ என்பது நாவலுக்கு ஒருவாறு பொருந்தும். குறுந்தொகைக்கு நான் நெடுநேரம் யோசித்து, ‘தோழி’ என்று எழுதினேன், அது உண்மையும்கூட. கட்டுரை நூல்களுக்கும் வரலாற்று நூல்களுக்கும் அந்த இடத்தில் ஒரு கோடுதான். ‘வாசிப்பு குறிப்பு’ என்று ‘க்’ என்னும் ஒற்றெழுத்தை விழுங்கிய தலைப்பு 52 முறை அச்சாகியிருப்பது, வாசிப்பவர்களுக்கென்றே செய்யப்பட்ட பொருளில் வந்திருக்கக் கூடாத பிழை. ஆறாவது கேள்வி மட்டும் விதிவிலக்கு: ‘இதை யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வீர்கள்?’ ஒரு பெயரை எழுத வேண்டும் என்றால் நூலைப் பற்றியும் அந்த மனிதரைப் பற்றியும் சேர்த்து யோசித்தாக வேண்டியிருக்கிறது. ஐந்து கேள்விகளுக்கும் கிடைக்காத விடை பலமுறை இந்தக் கேள்வியில் வந்து விழுந்தது.

இந்தக் குறிப்பேட்டின் உயிர்நிலை வலப்பக்கத்தின் அடியில், எட்டே எட்டு வரிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இருக்கிறது. ‘முடித்து ஒரு மாதம் கழித்து, நூலைத் திறக்காமல் எழுதவும்: என்ன நினைவிருக்கிறது?’ நான் பார்த்த வேறு எந்தக் குறிப்பேட்டிலும் இப்படியொரு கட்டம் இல்லை. கொடுத்த 315 ரூபாயும் இந்த எட்டு வரிகளுக்கே தகும் என்று சொல்வேன்.

இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவற்றை எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று தம்மையே சோதித்துப் பார்த்த ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், மறதி முதல் சில மணி நேரங்களில் செங்குத்தாக இறங்கி, அதன்பின் மெல்லச் சரிந்து செல்கிறது என்பதை 1885இல் வெளியிட்டார். நூலை மூடிய கையோடு எழுதும் குறிப்பு அந்தச் செங்குத்துக்கு முன்னால் எழுதுவது. அப்போது எல்லாமே நினைவில் இருக்கும், எல்லாமே சிறப்பாகவும் தோன்றும். ஒரு மாதம் கழித்து எஞ்சி நிற்பது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே ஒரு வாரத்துக்குப் பிறகு அது கூடுதலாக நினைவில் தங்கியிருந்தது. ஆக, அந்த எட்டு வரிகள் நினைவைச் சோதிப்பதோடு நிற்பதில்லை, அதை ஊன்றவும் செய்கின்றன.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு மாதம் ஆயிற்று என்பதைக் குறிப்பேடு எப்படி நினைவூட்டும்? முதல் மூன்று நூல்களுக்கு அந்தக் கட்டத்தை மறந்தே போனேன். பிறகு ஒரு வழி கிடைத்தது: நூலை முடித்த அன்றே, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஒரு மாதம் தள்ளி அந்தத் தேதித் தாளைத் தூக்கி, நல்ல நேரத்துக்கும் இராகு காலத்துக்கும் நடுவில் நூலின் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுவேன். காலையில் தாளைக் கிழிக்கும்போது பெயர் முன்னால் வந்து நிற்கும். கிழித்த தாளைக் குறிப்பேட்டில் செருகி, அன்று ரயிலில் எழுதிவிடலாம். இந்தக் குறிப்பேட்டை வாங்குபவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

ஆண்டு முடிவில் என் எண்ணிக்கை 29. அந்த 29 கட்டங்களையும் ஒரே இருப்பில் வாசித்தபோது, ஒன்பது கட்டங்களில் இரண்டு வரிகூட இல்லை. அந்த ஒன்பதில் ஐந்து ஜூலையில் விரலால் தடவி எடுத்த மெலிந்த நூல்கள். ஒன்றில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘அட்டை பச்சை. ஒரு கிணறு வரும்.’ அந்த நூலுக்கு முடித்த அன்று நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். மெலிந்ததெல்லாம் வீண் என்று முடிவுகட்டவும் வழியில்லை. ஆறாவது நூல் 80 பக்கமே கொண்ட ஒரு நெடுங்கதை, அதற்கான குறிப்பு எட்டு வரிகளைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, அடுத்த நூலின் பக்கத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. இதற்கு மாறாக, ஏரிப் பாசனம் பற்றிய ஒரு நூலுக்கு, நடை வறட்சி என்று சொல்லி மூன்று நட்சத்திரம்தான் போட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து அதன் கட்டத்தில் மடை, மதகு, கலங்கல் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை வரைபடத்தோடு எழுதியிருக்கிறேன். எழுதிய ஞாயிற்றுக்கிழமையே எங்கள் பக்கத்து ஏரியின் கரையில் நடந்து, இத்தனை ஆண்டுகளாக வெறும் சுவர் என்று நினைத்திருந்தது உபரிநீர் வழியும் கலங்கல் என்பதைக் கண்டுகொண்டேன். முடித்த அன்று போட்ட நட்சத்திரத்துக்கும் ஒரு மாதம் கழித்து எழுதிய குறிப்பின் நீளத்துக்கும் என் குறிப்பேட்டில் அநேகமாக எந்தத் தொடர்பும் இல்லை.

இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஒரு கட்டத்துக்கு எட்டே வரி ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலே ‘பிடித்த மேற்கோள்கள்’ என்று அரைப்பக்கத்தைக் கொடுத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. மேற்கோள் நூலிலேயே இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் இடம் மாற்றினால் குறிப்பேட்டின் பயன் இரட்டிக்கும். மாதப் பக்கங்களின் தலையில் யார், எப்போது, எங்கே சொன்னது என்ற விவரமில்லாத பொன்மொழிகளை அச்சிட்டிருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

விடுபட்டவை இரண்டு. பாதியில் கைவிட்ட நூல்களுக்கு இதில் இடமே இல்லை. சென்ற ஆண்டு நான் கைவிட்டவை ஏழு, ஏன் கைவிட்டேன் என்பதை எழுதி வைக்கப் பின்பக்க வெற்றுத் தாள்களைத்தான் நாட வேண்டியிருந்தது. மறுவாசிப்பு என்று குறிக்கவும் வழியில்லை. என் தாத்தா தாம் முடித்த நூல்களின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் ஓரிரு சொற்களும் எழுதும் பழக்கமுள்ளவர். அவரிடமிருந்து எனக்கு வந்த ஒரு நாவலில் மூன்று தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன, மூன்றாவதற்குப் பக்கத்தில் ‘இம்முறை மாமியார் சொல்வதும் சரியாகவே படுகிறது’ என்று எழுதியிருக்கிறார். அப்படி எழுதுவதற்கு ஒரு வரி இந்தக் குறிப்பேட்டில் இருந்திருக்கலாம்.

இரவல் பட்டியலை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. நூல், யாருக்கு, எந்த நாள், திரும்பியதா என்று நான்கு பத்திகள். ஓராண்டில் பதினொன்று கொடுத்திருக்கிறேன், நான்கு திரும்பி வந்தன. நான்கில் இரண்டு, அலுவலகத்தில் என் மேசைமேல் குறிப்பேடு திறந்து கிடந்தபோது தம் பெயரைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட ஒரே நண்பர் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தவை. அதன்பின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது தற்செயலாக நடப்பதில்லை.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை, 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் பந்துமுனைப் பேனாவுக்குப் போதும். ஜெல் பேனா காய நேரம் எடுக்கும். மைப்பேனாவில் எழுதினால் மை ஊறி மறுபக்கத்து எழுத்தோடு கலக்கிறது. கட்டு வெறும் பசைக்கட்டு. ஓராண்டு நாள்தோறும் திறந்து மூடி, ரயிலில் மடக்கிப் பிடித்து எழுத வேண்டிய ஒரு பொருளைத் தையல் இல்லாமல் கட்டியது பெரிய தவறு. ஆகஸ்டில் நடுப்பகுதியில் எட்டுப் பக்கங்கள் மொத்தமாகக் கழன்று, பல்லாவரம் நிலையத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையில் பெட்டியின் தரையில் சிதறின. எதிரில் இருந்த அம்மா ஒருவர் பொறுக்கிக் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதியிருந்ததை நின்று நிதானமாக வாசித்துவிட்டே கொடுத்தார். பசை தடவி ஒட்டிவைத்தேன், அதற்குப் பிறகு கழலவில்லை. பதிப்பகத்தாருக்கு இதை எழுதித் தெரிவித்தபோது, அடுத்த அச்சில் தைத்தே கட்டுவதாக மறுமொழி அனுப்பினார்கள்.

சொன்னபடி செய்திருக்கிறார்கள். இந்த ஜனவரியில் வந்த புதிய அச்சு தையல் கட்டு, தாளும் சற்றுக் கனம், விலை 380 ரூபாய். ஒற்றுப்பிழையைத் திருத்தியிருக்கிறார்கள், மேற்கோள் கட்டத்தைத் தொடவில்லை, கதாபாத்திரக் கேள்வியும் அப்படியே இருக்கிறது. எண்ணிக்கையும் புள்ளிவிவரமும் போதும் என்பவர்களுக்குக் கைப்பேசிச் செயலி இதைவிட மலிவு, விரைவு. வாசித்து முடித்தது தன்னிடம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் இதை வாங்கலாம். வாங்க மனமில்லாதவர்கள் நாற்பது ரூபாய் விலையுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த எட்டு வரிக் கட்டத்தை மட்டும் வரைந்துகொண்டு, ஒரு தினசரி நாட்காட்டியையும் சுவரில் மாட்டினால் முக்கால் பங்குப் பயன் கிடைத்துவிடும். நான் இரண்டாம் ஆண்டுக்கும் இதையே வாங்கியிருக்கிறேன். இலக்குக் கோட்டில் 24 என்று எழுதி, ஐந்து பாகமானாலும் ஒரு நூல் ஒன்றே என்று அடியில் குறித்துக்கொண்டேன். அலமாரிப் பக்கத்தை அக்கா மகனுக்கே விட்டுக்கொடுத்தாயிற்று. பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் 52 முதுகுகளையும் தீட்டி முடித்துவிட்டான்.